இரவல் சளி

மின்னல் டாக்டரின் அறையில் நாற்காலியைச் சூடாக்கியவர் எவரும் இல்லை. நோயாளி உட்காரும்போதே அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிடுவார். ‘என்ன பண்ணுது?’ என்ற கேள்விக்கு விடை வருமுன் நெஞ்சில் குழல் ஏறியிருக்கும். விடை முடியுமுன் மருந்துச்சீட்டு கைக்கு வந்திருக்கும். தம் நோயின் பிற்பாதியைச் சொல்லவே இல்லை என்பது பலருக்கு வாசற்படி தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வரும். ஆயினும் ஒருவரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கைராசிக்காரர் என்ற பெயர் அவருக்கு முன்னே நடந்து போயிற்று. துணிக்கடைக்கும் பூட்டுக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்தச் சிறு மருத்துவமனையின் பலகைகளில் கதவு திறந்த கணமே இடம் பிடித்துவிடுவார்கள். வேலைக்குப் போகிற வழியில் காட்டிக்கொண்டு போகலாம். விடுப்பு எடுக்க வேண்டாம். கால் கடுக்க நிற்க வேண்டாம். அரசு மருத்துவமனையோ ஊரின் மறுகோடியில் இருந்தது.

“டாக்டர், கூட்டம் தெருவுக்கு வந்திடுச்சு,” என்பார் செவிலியான சிஸ்டர், திரையை விலக்கி.

“அப்போ தெருவையும் உள்ளே அனுப்புங்க.”

அத்தகையவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. தம்மை நம்பி வந்த ஒருவரையும் அவர் வேறு வாசலுக்கு அனுப்பியதில்லை. அவ்வாறு அனுப்புவது அடைக்கலம் புகுந்தவரைக் கைவிடுவதற்கு ஒப்பாகும் என்று உள்ளபடியே கருதினார்.

இந்தப் பெருமிதத்தின்மேல் வாரந்தோறும் ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போக ஒருவர் வருவார். அரசின் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருந்த பெண்மணி அவர். ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சென்று தனியார் மருத்துவர்களைக் கண்டு, நாள்பட்ட இருமலோடு வந்தவர் யாரேனும் உண்டா, சளியைச் சோதித்தீர்களா என்று கேட்பதே அவர் பணி. சிஸ்டர் அவருக்கு ‘இருமல் அக்கா’ என்று பெயர் சூட்டியிருந்தார். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டிருந்தார்.

“ஏதாவது உண்டா டாக்டர்?”

“ஒண்ணுமில்லம்மா.”

“போன வாரமும் ஒண்ணுமில்ல. அதுக்கு முந்தியும் ஒண்ணுமில்ல. இந்தத் தெருவுல பாதிப் பேரு உங்ககிட்டதான் வந்து இருமுறாங்க. அவங்க நுரையீரலுக்கெல்லாம் பக்கத்துக் கடையில பூட்டு வாங்கி மாட்டியிருக்கீங்களா?”

“சாவி என்கிட்ட பத்திரமா இருக்கு. கவலைப்படாதீங்க.”

“பூட்டை உடைக்கிற ஆளு உள்ளேயே இருந்தா சாவியை வெச்சு என்ன பண்றது?”

டாக்டர் சிரித்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, ஒரு முழு வாக்கியம் பேசினார். “இங்கேருந்து அனுப்பினா ஆள் திரும்பி வர மாட்டாங்கம்மா. டாக்டர் கைவிட்டுட்டார்னு ஊர் முழுக்கப் பேச்சாயிடும்.”

“யாரு அனுப்பச் சொன்னா? உங்க ஆளு உங்ககிட்டயே இருக்கட்டும். சோதனை நாங்க பண்றோம், மாத்திரை நாங்க தர்றோம், பார்த்துக்கிறது நீங்க. எல்லாரும் முதல்ல வந்து நிக்கிறது உங்க வாசல்லதான். நீங்க கண்டுபிடிக்கலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அடுத்து!” என்று குரல் கொடுத்தார் டாக்டர். களப்பணியாளர் வழக்கம்போலச் சளி மாதிரி எடுப்பதற்கான மூடிபோட்ட சிறு டப்பாக்களை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். சிஸ்டர் அவற்றுள் ஒன்றில் குண்டூசி போட்டு வைத்துக்கொண்டார்.

இவ்வாறு நாட்கள் நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் மைக்காரரின் இருமல் முற்றியது.

மைக்காரர் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் புறப்பாடுகளை அறிவிப்பவர். அவர் வெறும் ஊர்ப்பெயர்களை அடுக்கினாலும், அடியெடுத்துக் கொடுக்க அடியார் தொடர்ந்து பாடும் துதிப்பாட்டைப்போல அது செவியில் நிற்கும். அத்தகைய குரலுக்குள் இருமல் குடிபுகுந்தது. “துறைமுகம், ஹக்கும், ஆலைவாசல் வழியாகச் செல்லும் பேருந்து” என்று அவர் அறிவிக்க, வெளியூர்க்காரர் ஒருவர் ஹக்கும் என்ற ஊருக்குச் சீட்டுக் கேட்டு நடத்துநரோடு மல்லுக்கு நின்றதாகப் பேச்சு உலவிற்று. மின்னல் டாக்டர் முதலில் ஒரு இருமல் மருந்து கொடுத்தார். பிறகு மாத்திரை. பிறகு வேறொரு நிறத்தில் இன்னொரு இருமல் மருந்து. ஹக்கும் மட்டும் இடம் பெயரவில்லை.

அன்று மைக்காரர் மனைவியையும் உடன் அழைத்து வந்திருந்தார். தலையணை உறைகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர் அந்த அம்மா. சட்டையின் தோளில் வெண்பஞ்சு ஒட்டியிருக்க, கைக்குட்டையை வாயருகே வைத்தபடி வந்து அமர்ந்தார்.

“டாக்டர், நம்ம பொண்ணுக்கு இது மாசம். தலைப்பிள்ளை. என் இருமலால பிரசவம் அவ புருஷன் ஊர்லதான்,” என்றார் மைக்காரர். “சம்பந்தியம்மா கறாரா சொல்லிட்டாங்க. இருமிக்கிட்டு வந்தா வாசல்லயே நிறுத்திடுவாங்களாம். பேரப்பிள்ளையை நான் சன்னல் வழியாவா பார்க்கிறது?”

“அவங்க சொல்றதும் நியாயம்தானே,” என்றார் மனைவி. “இவர் குழந்தைக்குத் தாலாட்டு பாடினா, நடுவுல பஸ் வந்து நிக்கும்.”

டாக்டருக்கு இவர்களைப் பிடிக்கும். அந்தப் பிரியத்தில், மருத்துவர் ஒருவர் வழங்கக்கூடாத ஒன்றை அவர் வழங்கிவிட்டார், வாக்குறுதி. “குழந்தை பிறக்கிறதுக்குள்ள நிறுத்திடறேன். அதைத் தூக்கிக் கொஞ்சறது என் பொறுப்பு.”

“நீங்களா கொஞ்சுவீங்க?”

“நீங்கதான்யா!”

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கைக்குட்டைக்குள் நெடுநேரம் குலுங்கி அடங்கியது.

“உங்களுக்கு என்னம்மா?”

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எனக்கு வெறும் சளிதான். இருமல் அவருக்குத்தான்.”

“அவளுக்குச் சளி எப்பவும் இருக்கிறதுதான்,” என்று விளக்கினார் கணவர். “பஞ்சுத் தூசி. கேஸு நான்தான் டாக்டர்.”

“எனக்கு இருக்கிற ஒரே குறை இந்தத் துணிதான்,” என்றார் அம்மா, தம் சட்டையின் பக்கவாட்டைப் பிடித்து இழுத்துக் காட்டி. “போன வருஷம் அளவா தைச்சது. இப்போ பாருங்க, தொளதொளன்னு. ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சாச்சு. துவைக்கத் துவைக்க விரியுது. கடைக்காரரை நல்லா திட்டிட்டு வந்தேன்.”

மூவரும் சிரித்தனர். டாக்டரின் பார்வை அந்தத் தொளதொளத்த சட்டையின்மேல் ஒரு கணம் பட்டது. பட்டதே தவிர, நிலைக்கவில்லை. திரைக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட்டது. மேசை ஓரத்து டப்பாக்கள் கண்ணில் பட்டன. களப்பணியாளரின் குரல் மனத்தின் ஓரத்தில் எழுந்தது. சற்றுத் தயங்கினார். பிறகு ஒரு டப்பாவை எடுத்து மைக்காரரின் கையில் திணித்தார்.

“காலையில எழுந்ததும் சளி. இதுல. கொண்டாங்க.”

“சளியா டாக்டர்?”

“சளிதான். நல்ல கெட்டியா வேணும். எச்சில் கூடாது. அடுத்து!”

மைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் இருக்கையில் வீறிட்ட குழந்தை அமர்ந்திருந்தது.

மறுநாள் காலை டப்பா வந்து சேர்ந்தது. சொல்லி அனுப்பியதும் வந்த களப்பணியாளர் அதை ஒளியில் உயர்த்திப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். “நிஜமாவே உங்க கையாலதான் கொடுத்தீங்களா? இன்னிக்கு மழை வரும்.” குளிர்ப்பெட்டியில் அதைப் படுக்கவைத்து எடுத்துச் சென்றார்.

அன்று மாலையே ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. காசநோய்க் கிருமி உண்டு. அதுவும் மிகுதியாகவே உண்டு.

டாக்டர் தொலைபேசியை வைத்துவிட்டுத் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். ராசியான கைகள் என்று ஊர் சொன்ன கைகள். அவை எத்தனை இருமல் மருந்துகளை எழுதித் தள்ளியிருக்கின்றன! வெட்கம் ஒருபுறம் அவரைப் பிடித்து இழுத்தது. கடைசியில் கண்டுபிடித்தோமே என்ற நிறைவு மறுபுறம் தட்டிக்கொடுத்தது. மருத்துவத் தொழிலுக்கு வந்த நாள்முதல் முதன்முறையாக, ‘எம்மிடம் ஒரு காசநோயாளி இருக்கிறார்’ என்று அரசுக்கு அறிவித்துக் கையொப்பமிட்டார். தம் நோயாளி தம்மிடமே இருப்பார் என்பதைக் களப்பணியாளரிடம் இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

“இருப்பார் டாக்டர். நெஞ்சுப்படம் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில மாத்திரையோட வர்றேன். வீட்டுல இருக்கிறவங்களையும் பார்க்கணும். சாயங்காலம் வீட்டுக்கும் ஒரு நடை போயிடறேன்.”

செய்தியைக் கேட்ட மைக்காரர் தம் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்று பிற்பகல்தான் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. “அப்போ பேத்தி?” என்றார்.

“மருந்து கொஞ்ச நாள் உள்ளே போகட்டும். அதுவரைக்கும் வேண்டாம்.”

அவர் தலைகவிழ்ந்தார். உடன் வந்திருந்த மனைவிதான் அவர் தோளைத் தட்டினார். “நீங்க இருந்து மாத்திரையைச் சாப்பிடுங்க. நான் போய்ப் பார்த்துக்கிறேன். உங்களுக்கும் சேர்த்து நானே மடியில போட்டுக்கிறேன்.” சொல்லிவிட்டுக் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் முற்பகலில் நெஞ்சுப்படத்தோடு மைக்காரர் வந்தார். மாத்திரைப் பையோடு களப்பணியாளரும் வந்திருந்தார். டாக்டர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். முகிலற்ற இரவு வானத்தைப்போல இரு நுரையீரல்களும் கறுத்துத் தெளிந்து கிடந்தன. படத்தைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

“இது யாரோட நெஞ்சு?”

“என்னோடதுதான் டாக்டர். ஓரத்துல பேரு போட்டிருக்கு பாருங்க.”

“இவ்வளவு கிருமி இருக்கிற நெஞ்சு இப்படியா இருக்கும்?” டாக்டர் களப்பணியாளரின் பக்கம் திரும்பினார். “உங்க ஆய்வகத்துல மாத்திட்டாங்க.”

“எங்ககிட்ட மாறாது டாக்டர். உங்க மேசையிலதான் எதுவும் நடக்கும். அந்தக் குண்டூசி டப்பாவையா கொடுத்தீங்க?”

“சரி சரி. மைக்காரரே, இன்னொரு தடவை சளி கொடுங்க. இப்பவே.”

மைக்காரர் கையைப் பிசைந்தார். “இன்னிக்கா? அது முடியாதே டாக்டர். அவ மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்புறாளே!”

டாக்டர் படத்தைக் கீழே இறக்கினார்.

“அவங்க கிளம்புறதுக்கும் உங்க சளிக்கும் என்ன சம்பந்தம்?”

“எனக்குத்தான் சளியே கிடையாதே! எனக்கு வர்றது வறட்டு இருமல். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க அடுத்துன்னுட்டீங்க. காலையில எழுந்து கண்ணாடி முன்னாடி நின்னு என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சே ஒழிய சளி வரல. அவதான், ‘பாவம், டாக்டர் வாய்விட்டுக் கேட்டிருக்கார், வெறும் டப்பாவையா கொண்டுபோய் நீட்டுவீங்க? சளிதானே, என்கிட்ட இருக்கு, இந்தாங்க’ன்னு கொடுத்தா.” சற்று நிறுத்தி, மனைவியின் கைத்திறனைப் புகழும் தொனியில் சேர்த்துக்கொண்டார்: “நீங்க கெட்டியா வேணும்னீங்க. அவளோடது நல்ல கெட்டி டாக்டர்.”

களப்பணியாளர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலைக்கவசத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்கோ தம் குரலே தம் காதில் மீண்டும் ஒலித்தது. காலையில எழுந்ததும் சளி. இதுல. கொண்டாங்க. சொற்களைச் சிக்கனம் பண்ணுவதில் தேர்ந்தவர், ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சிக்கனம் பண்ணியிருந்தார். “உங்க,” என்றார் தமக்குள்ளே. “உங்க சளின்னு சொல்லலையே நான்!”

அடுத்த கணம் எல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றன: வெறும் சளி என்ற அந்தச் சிரிப்பு, கைக்குட்டை, துவைக்கத் துவைக்க விரியும் துணி. அந்த நெஞ்சோடு அந்த அம்மா பிறந்து கண் விழிக்காத சிசுவை மடியில் போட்டுக்கொள்ளப் போகிறார்.

“போன் போடுங்க அவங்களுக்கு!”

மைக்காரர் போட்டார். அவருடைய சட்டைப்பையிலேயே மணி அடித்தது. “அவ போனு… கடையில பேட்டரி மாத்திக் கொடுக்கறேன்னு நான்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நெஞ்சு, ஒரு சளி, ஒரு போனு! ஏறுங்க வண்டியில,” என்று களப்பணியாளர் அவர் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் என்ன செய்தார் என்பதைப் பலகைகளில் காத்திருந்தவர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தனர். கழுத்தில் குழல் ஆட, திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். “டாக்டர், அடுத்து யாரு?” என்று சிஸ்டர் கேட்டதற்கு, “நான்தான்!” என்று கத்திவிட்டுத் தெருவில் ஓடினார். “மின்னல்னு சும்மாவா சொன்னாங்க!” என்றார் பூட்டுக்கடைக்காரர். காய்ச்சலோடு வந்திருந்த ஒருவர், எங்கோ நெருப்புப் பற்றிக்கொண்டது என்றெண்ணி, தாமும் சிறிது தூரம் உடன் ஓடினார்.

ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் மைக்காரருக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. “மைக்ல கூப்பிடுங்க, வேண்டாங்கல. ஆனா நோய் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. ஊருக்கே அறிவிப்பு ஆயிடும். அவங்ககிட்ட பதமா நாமதான் சொல்லணும்.”

டாக்டர் மூச்சிரைக்க நிலையத்தை அடைந்தபோது மேலே கண்ணாடி அறையின் ஒலிபெருக்கி உயிர்பெற்றது. கீழே பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்றது அந்தக் குரல், பதற்றத்திலும் இலக்கணம் வழுவாமல். “கடைசி நடைமேடையிலிருந்து புறப்படவுள்ள பேருந்தில், பச்சைப் பையோடு அமர்ந்திருக்கும் என் மனைவியின் கவனத்திற்கு. தாங்கள் அண்மையில் இரவலாக அளித்த பொருள் தங்களுக்கே உரியது எனத் தெரியவந்திருப்பதால், உடனடியாக இறங்கி, அதனை மீளப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். ஹக்கும். இறங்கு புள்ள, சீக்கிரம்!”

நிலையமே அண்ணாந்து பார்த்தது. “என்னத்தை இரவல் கொடுத்திருப்பா?” “நகையா இருக்கும்.” “நகைக்கா இப்படிக் கத்துவான்?” என்று ஆளுக்கொன்று பேசினர். கடைசி நடைமேடைப் பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. டாக்டர் அதன் பக்கவாட்டை இரு கைகளாலும் அறைந்தார்.

சன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. “டாக்டர்! நீங்களும் குழந்தையைப் பார்க்க வர்றீங்களா?”

“இறங்குங்கம்மா.”

“ஏன் டாக்டர்?”

ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல டாக்டரின் நா எழுந்தது. அதை அடக்கிக்கொண்டார். “இறங்குங்க, உக்காந்து பேசணும். நிறையப் பேசணும்.”

“ஏறுறதா இறங்குறதா? முடிவு பண்ணுங்க!” என்றார் நடத்துநர். பச்சைப் பை முதலில் இறங்கிற்று, பின்னால் அம்மா.

நிலையத்தின் பின்புறம் காற்றோட்டமான மரத்தடியில் ஒரு சிமெண்டு இருக்கை இருந்தது. அங்கே அந்த அம்மாவை அமர்த்தி, மின்னல் டாக்டர் தம் வாழ்நாளில் பேசாத அளவு பேசினார். டப்பாவில் இருந்தது என்ன என்று சொன்னார். அது எப்படிக் காற்றில் ஏறி அடுத்தவர் நெஞ்சில் இறங்குகிறது, பிஞ்சுக் குழந்தைக்கு அது எத்தனை பெரிய பகை என்று சொன்னார். மருந்து உண்டு, தீர்ந்துபோகும், ஆனால் நெடுநாள் சாப்பிட வேண்டும் என்றார். “கொஞ்ச நாள்லயே உடம்பு தேறிடும். நல்லாயிட்டேன்னு தோணும். அப்பவும் விடக்கூடாது. உங்க நெஞ்சு அடங்கிடுச்சுன்னு சோதிச்சுப் பார்த்துட்டு, நானே வந்து பஸ் ஏத்தி விடறேன்.”

அம்மா பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டார். பையின் மேல்புறத்தில் பேத்திக்காகத் தைத்த சின்னஞ்சிறு தலையணை ஒன்று எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்தபோது மட்டும் கண் கலங்கிற்று. பிறகு சட்டையின் பக்கவாட்டைப் பிடித்தபடி, “அப்போ என் துணி விரியலையா?” என்றார்.

“துணி நல்ல துணிதாம்மா. நீங்கதான் இளைச்சுட்டீங்க.”

“கடைக்காரரை அநியாயமா திட்டிட்டேனே!”

“தப்பு என்மேலதான். உங்க புருஷன்கிட்ட ‘உங்க சளி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். உங்களைப் பார்த்தப்பவே உங்ககிட்டயும் கேட்டிருக்கணும்.”

அம்மா தலையை ஆட்டி மறுத்தார். “நீங்க சரியா சொல்லியிருந்தா, நான் கொடுத்திருக்க மாட்டேன். கொடுக்கலைன்னா இந்நேரம் பஸ்ல போயிட்டிருப்பேன். குழந்தை இன்னிக்கு என் மடியில இருந்திருக்கும்.” கைக்குட்டையை மடித்தார். “கடவுள் உங்க வாயை அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மூடிட்டார்னு வெச்சுக்குங்களேன்.”

மைக்காரர் படியிறங்கி ஓடிவந்து முன்னால் நின்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இரவல் பொருளாம்ல? ஊரே நான் யாருக்கோ சங்கிலி கொடுத்துட்டேன்னு பேசுது!”

“வேற எப்படிடி சொல்றது? பேரைச் சொல்லக்கூடாதுன்னு அந்தம்மா மிரட்டினாங்க.”

“எங்க வேலையில நான் கேட்ட அறிவிப்புலயே இதுதான் உருப்படியானது,” என்றார் களப்பணியாளர்.

அன்றே அம்மாவுக்கு மாத்திரை தொடங்கிற்று. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அஞ்ச வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். “அந்த நிறத்துக்கு என்கிட்ட நூலே இருக்கு,” என்றார் அம்மா. மைக்காரரையும் சும்மா விடவில்லை. உப்புநீர் ஆவியை இழுக்கவைத்து, அவருடைய நெஞ்சிலிருந்தே, அவருடையதென்று மூவர் கண்காணிக்க, ஒரு மாதிரி எடுக்கப்பட்டது. அதில் ஒன்றுமில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்கும் வழக்கத்தால் புளிப்பு மேலேறித் தொண்டையை அரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. உடன் வாழ்ந்தவர் என்பதால் நோய் தொற்றாமலிருக்கத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் நடக்கவும் வைத்தார்கள். இருமல் மெல்லக் கழன்றது. சம்பந்தியம்மாவின் வாசல் அவருக்குத் திறந்தது. பேத்தியைத் தூக்கிய படம் வந்தபோது அம்மா அதை டாக்டரிடம் கொண்டுவந்து காட்டிப் பொருமினார். “பாருங்க, பஸ் டிக்கெட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கார்! தலைக்குக் கீழே கை கொடுக்கத் தெரியுதா?”

“நீங்க போய்ச் சொல்லிக்கொடுங்க. சீக்கிரம் போகலாம்.”

வாரங்கள் சென்றன. அம்மா ஒருநாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. தவறவிட டாக்டர் விடவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர்கள் வீட்டுச் சன்னலைத் தட்டி, “முழுங்கியாச்சா?” என்று கேட்டுவிட்டே போனார். உள்ளிருந்து தையல் எந்திரத்தின் ஓசை ஒரு நொடி நிற்கும். “ஆச்சு, போங்க!” என்று குரல் வரும். பிடித்துத் தைத்த சட்டைகளின் தையலை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துவிடத் தொடங்கியிருந்தார்.

பலகைகளில் காத்திருந்தவர்கள்தாம் முறையிட்டனர். உள்ளே போனவர் வெளியே வர நேரமாயிற்று. இருமலென்று வந்தவர் எவரானாலும் டாக்டர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். “உங்க சளி. உங்களோடது. உங்க நெஞ்சுக்குள்ளேருந்து, இப்படி ஆழமா மூச்சிழுத்து… உங்க வீட்டுக்காரம்மாவோடது வேண்டாம், மாமியாரோடது வேண்டாம். அவங்களுக்கும் சளி இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க.” சொன்னதோடு நில்லாமல் தாமே இருமிக் காட்டினார். வெளியே இருந்தவர்கள் டாக்டருக்கே நோய் வந்துவிட்டதோ என்று திகைத்தனர்.

“மின்னல் போயி அடைமழையாயிடுச்சு,” என்றார் சிஸ்டர், குண்டூசிகளை ஒரு தீப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டே.

களப்பணியாளரின் கேள்வி மட்டும் மாறவில்லை. “ஏதாவது உண்டா டாக்டர்?”

“உண்டும்மா. உக்காருங்க, சொல்றேன்.”

அம்மாவின் சளியில் கிருமி ஒன்றும் இல்லை, இனி எவர் மடியிலும் அமரலாம், எவரையும் மடியில் அமர்த்தலாம் என்று சோதனை சொன்ன மறுநாள், டாக்டர் தம் வாக்கின்படி பேருந்து நிலையத்துக்கு வந்தார். மிச்சமிருந்த மாத்திரைகள் பச்சைப் பையின் மேல்புறம், சின்னத் தலையணைக்கு அருகில் இருந்தன. மகள் வீட்டருகே இருந்த ஒரு சிறு மருத்துவமனையின் டாக்டரிடம் இவர் முன்பே பேசி வைத்திருந்தார். அவரும் ஓர் அவசரக்காரர்தான் என்று கேள்விப்பட்டு, நெடுநேரம் பேசியிருந்தார்.

“குழந்தைகிட்ட போறதுக்கு முன்னாடி மாத்திரை. அப்புறம்தான் கொஞ்சல்,” என்றார் சன்னலோரம் நின்று.

“தெரியும் டாக்டர். இதோட நீங்க எத்தனாவது தடவை சொல்றீங்க!” அம்மாவின் சட்டை தோளில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கைக்குட்டை எங்கும் காணப்படவில்லை. “பேத்தியைத் தூக்கினதும் உங்களுக்குத்தான் முதல் போட்டோ. தலைக்குக் கீழே கை இருக்கும், பார்த்துக்குங்க!”

மேலே ஒலிபெருக்கி முழங்கிற்று. ஆலைவாசல் வழியாகச் செல்லும் பேருந்தில் பேத்தியைக் காணச் செல்லும் பயணி ஒருவருக்கு நிலையத்தின் சார்பில் நல்வாழ்த்துகள் தெரிவிக்கப்பட்டன. இருமலின்றி, தங்குதடையின்றி ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. இறுதியில் மட்டும், நோயால் அன்று, பழக்கத்தால், ஒரு சிறு “ஹக்கும்” சேர்ந்துகொண்டது.

பேருந்து வளைவில் மறையும்வரை டாக்டர் கையசைத்தார். அருகே மூட்டையோடு நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் தயக்கத்துடன் அவரை நெருங்கினார்.

“சார், இந்த ஹக்கும்ங்கிற ஊருக்கு எங்க நிக்கணும்?”

மருத்துவமனையில் பலகைகள் நிறைந்திருக்கும். கூட்டம் தெருவுக்கு வந்திருக்கும். டாக்டர் சிமெண்டு இருக்கையின் தூசியைக் கையால் தட்டிவிட்டார்.

“உக்காருங்க,” என்றார். “முதல்லேருந்து சொல்றேன்.”